மாடியின் மூன்றாவது ஜன்னல்

நன்றாக அழுத்தி ஒட்டிவைத்த ஜன்னல் கதவு, காலையில் ஒரு நூல் அளவு திறந்திருந்தது.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்காலம், பசை எப்படிக் காயும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஐஸ் குச்சியை அறுத்துச் செய்த அந்தக் குட்டிக் கதவை மறுபடி ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மகளின் பிறந்தநாளுக்காக வாங்கிய பொம்மை வீடு அது. வாங்கும்போது வெறும் பலகைப் பெட்டிதான். பிரெஞ்சு வீடு மாதிரி மாற்றிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று கணவனிடம் சவால் விட்டுவிட்டு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சுவருக்கு வெண்ணெய் நிறப் பட்டி மாவில் சலித்த மணலைக் கலந்து பூசினாள். முட்டை அட்டையைச் சின்னச் சின்ன வில்லைகளாக வெட்டி, சாம்பல் நீலம் அடித்து, பாதியில் மடிந்து செங்குத்தாக இறங்கும் கூரைக்கு ஓடாக்கினாள். பால்கனிக் கம்பிக்குப் பழைய ரவிக்கையின் கறுப்பு லேஸ்.

ஒரே ஒரு குறை. மாடியின் இடது கோடியில் அறை கிடையாது, தடித்த பலகை மட்டும்தான். அங்கே ஜன்னல் இல்லாமல் வீட்டின் முகம் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. பிரான்ஸ் நாட்டு வீடுகளில் அழகுக்காக வெறும் சுவரிலேயே பொய் ஜன்னல் வைப்பதைப் படங்களில் பார்த்திருந்தாள். இவளும் வைத்தாள். மற்ற இரண்டையும் போலவே இருக்கட்டும் என்று அதற்கும் கீல் பொருத்தி, எண்ணெய் விட்டு, பிறகு கதவுகளை மூடி ஒட்டினாள். திறக்கவே போகாத கதவுக்குக் கீல் எதற்கு என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் பார்த்தால் கதவு இறுக மூடியிருந்தது. ஆனால் இடுக்கில் வழிந்து காய்ந்திருந்தது அவளுடைய வெள்ளைப் பசை அல்ல. கண்ணாடி மாதிரி, நொடியில் பிடித்துக்கொள்ளும் பசை. அவள் அதை வாங்கியதே இல்லை.

அவளுக்குப் பொறி தட்டியது. கணவன் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தான். வீட்டில் மிச்சம் இருந்தது அவனுடைய அக்கா ஒருத்திதான். துணைக்கு வந்திருந்த அந்த அண்ணி, வந்த நாளிலிருந்தே ஹாலில் இருந்த பொம்மை வீட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் ஹாலிலிருந்து அவள் செருப்புச் சத்தம் கேட்கும். அதன் பிறகு மூக்கில் ஏறும் ஒரு காட்டமான வாசனை. இன்று காலை டீயை நீட்டியபோது அந்த வாசனை அண்ணியின் விரலிலேயே இருந்தது.

மகள்தான் மேலும் கிளறிவிட்டாள்.

"அம்மா, அந்த ரூமுக்குக் கட்டில் செய்யலையா?"

"அது ரூம் இல்லடி கண்ணு. சும்மா ஒரு ஜன்னல்."

"ரூம் இருக்கு. கட்டில்தான் இல்ல."

"யாரு சொன்னா?"

குழந்தை உதட்டை மடித்துக்கொண்டாள். கண் மட்டும் ஒருமுறை அத்தையின் பக்கம் போய்த் திரும்பியது. அண்ணியின் முகம் சுண்டிப்போனது. அது போதாதா இவளுக்கு?

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். குளிக்கப் போவதாகச் சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டு, பூனை மாதிரி நடந்து ஹாலுக்கு வந்தாள். பிடித்தாள், கையும் களவுமாக. அண்ணி பொம்மை வீட்டின் முன் மண்டியிட்டு, பசைக் குழாயை அந்த மூன்றாவது ஜன்னலின் இடுக்கில் வைத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"திறந்துக்குதும்மா. ஒட்டினா ஒரு நாள்கூட நிக்கல."

"திறந்துக்குதா, திறக்கறீங்களா? குழந்தைகிட்ட ரூம் இருக்கு, கட்டில் இல்லன்னு கதை கட்டினது யாரு?"

"நான் இல்ல. சொன்னா நீ நம்பமாட்டே. இந்த ஜன்னலைப் பேத்து எறிஞ்சிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"என் வேலையைக் கெடுக்கணும், என் பொண்ணை உங்க பக்கம் இழுக்கணும். அவ்வளவுதானே? உங்களுக்குன்னு ஒண்ணு இல்லன்னு என் குழந்தை மேல கண்ணு வைக்காதீங்க."

சொன்ன பிறகுதான் நாக்கு சுட்டது. அண்ணி எழுந்து உள்ளே போனாள். பையை எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும், "தினமும் பாரும்மா. ஒட்டு விட்டுடாம பாத்துக்கோ," என்றாள். போகும்போதும் குத்திக்காட்டுகிறாளே என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைப் படாரென்று சாத்தினாள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய், ஹால் முழுக்க அழுக்குத் தண்ணீர் நிறத்தில் ஒரு வெளிச்சம் தேங்கி நிற்க, மகள் உள்ளே தன் அறையில் தூங்க, அவள் பொம்மை வீட்டுக் கூரையின் புகைபோக்கிக்குப் பட்டி தடவிக்கொண்டு, வெளியே பெய்யும் மழையையும் எங்கோ சொட்டும் குழாயையும் கேட்டபடி, ஒழிந்தது சனியன் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

டக்.

நகம் உடைகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணாடிப் பசையின் சில்லு ஒன்று அவள் மடியில் விழுந்தது.

மூன்றாவது ஜன்னலின் இரண்டு கதவுகளும் மெல்லத் திறந்தன. கீல் முனகக்கூட இல்லை. அவள்தான் எண்ணெய் விட்டிருந்தாளே.

பின்னால் பலகை இல்லை. இருட்டு. அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. மகளுக்குத் தினமும் போடுகிற பவுடர் வாசனை.

செல்போன் விளக்கைப் போட்டுக் குனிந்தாள்.

அறை. மணல் கலந்த பட்டி பூசிய சுவர். அவள் பூசுகிற அதே விரல் தடம். நடுவில் ஒரு கட்டில். அவள் செய்ததல்ல. மஞ்சள் விரிப்பு. ஓரத்தில் பச்சை நூலில் ஒரு தையல். அந்தத் தையலை அவளுக்குத் தெரியும். போன மாதம் மகளின் விரிப்பில் அவள் போட்டது.

விரிப்புக்குக் கீழே ஏதோ மூச்சு விட்டது.

ஓடினாள். நாற்காலி சரிந்தது. மகளின் அறைக் கதவைத் தள்ளினாள்.

ஜன்னல் திரை. அலமாரி. சுவரோரம் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு. தரையில் தூசி படியாத நீள்சதுரம். அதன் மூலைகளில் நான்கு கால் தடம்.

கட்டில் இல்லை.

"கண்ணு!"

பதில் ஹாலிலிருந்து வந்தது. கொசு ரீங்காரம் அளவுக்குச் சன்னமாக. "அம்மா..."

திரும்பி ஓடினாள். கதவுகள் மூடிக்கொண்டே வந்தன. நகத்தை இடுக்கில் நுழைத்தாள். நகம் பிய்ந்தது. "அண்ணி," என்று கத்தினாள், "அண்ணி, வாங்க!" வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கதவுகள் மூடின.

உள்பக்கத்திலிருந்து, இடுக்கு நெடுக, வெள்ளைப் பசை மெல்லப் பிதுங்கியது. யாரோ கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.