நிலவறையின் புனல் வலை

முன்பு பெண் பார்க்க வந்த இரண்டு வரன்களும், எங்கள் நிலவறையில் பேய் இருப்பதாக ஊர் சொன்னதைக் கேட்டு ஓடிப்போனார்கள். ஓடட்டும். முதுகெலும்பு இல்லாதவனுக்கு எங்கள் வீட்டில் பெண் கிடையாது. ஆனால் மூன்றாமவரும் ஓடினால், என் தம்பி மகளைக் கேட்டு யாரும் வாசல் ஏறமாட்டார்கள். குடும்பப் பெயர் தெருவில் கிடக்கும்.

மூன்றாமவர் சிலந்தி ஆராய்ச்சியாளர். சிலந்தியை வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளமாம்! ஒரு மத்தியானம் தோல்பையோடு வந்தார்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல மாமா. புனல் வலைச் சிலந்தி, எண்ணெய் ஊத்தற புனல் மாதிரி வலை கட்டும். ஈரச் சுவர், கல்லிடுக்கு, இருட்டு, அதான் அதுக்கு வீடு. கீழ போய்ப் பார்த்துடலாம்."

"தாராளமா வாங்க. முன்னாடி வந்தவங்க விட்டுட்டுப் போன செருப்பு இன்னும் வாசல்லதான் கிடக்கு."

தம்பி மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

விளக்கோடு இருவரும் படியிறங்கினோம். ஊறிய சுண்ணாம்பின் வாடை. சுவரெங்கும் சாம்பல் நிற வலைகள், ஒவ்வொன்றும் உள்ளே குவிந்து ஒரு பொந்தில் முடிந்தது.

"உள்ள நூல் மேல கால் வச்சுக் காத்திருக்கும் மாமா. நூல் அதிர்ந்தா இரைன்னு நினைச்சு வெளிய வரும்."

என் வீட்டுச் சுவரைப் பற்றி எனக்கே பாடம். பையிலிருந்து இசைக்கவை என்ற இரட்டை முனை இரும்புக் கவை ஒன்றை எடுத்துத் தட்டி, ரீங்கரிக்கும் முனையை ஒரு வலையில் வைத்தார்.

ஒரு சிலந்தியும் வரவில்லை.

எல்லா வலைகளும் நடுங்கின.

கோடிச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. நேற்றுவரை அங்கே சுவர்தான் இருந்தது.

"மாமா... விளக்கு..."

அணைந்தது.

சுவரை உரசிக்கொண்டு ஏதோ வந்தது.

நான் படியேறினேன். ஓடவில்லை, ஏறினேன்.

வெகு நேரம் கழித்து அவரும் வந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"வெறும் சிலந்திதான் மாமா. கல்யாணத்துக்கு நாள் பாருங்க. நான் இங்கயே இருந்துடறேன்."

கல்யாணம் நடந்தது. ஊர் வாய் மூடியது. மாப்பிள்ளை மட்டும் பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்தி, யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல் எழுந்து, நிலவறைக்குப் போகிறார். கேட்டால் சிரிக்கிறார். இப்போது என் தம்பி மகளும் போகிறாள்.

இன்று காலை என் மணிக்கட்டை ஏதோ மெல்ல இழுத்தது. ஒரு சாம்பல் இழை, கதவுக்கு அடியில் நீண்டு போகிறது. நான் அசையவில்லை. சுண்டி இழுத்தவுடன் ஓடிப்போய் நிற்பது இந்தக் குடும்பத்தில் என் தலைமுறை வரை கிடையாது. வேண்டுமானால் அது மேலே வரட்டும்.

படியில் காலடி கேட்கிறது.

ஒரு ஆளுக்கு இத்தனை கால்கள் கிடையாது.