ஆச்சிப்பிள்ளை சொன்ன பெயர்

மாரி தொடங்கிய வாரத்தில் தாதி கம்சாயினி மாற்றலாகி, வாவியோரத்துப் பழைய ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் வந்தாள். பெண்கள் வாட்டு மாறவேயில்லை. டெற்றோல் மணத்துக்கு அடியில் அதே சேற்று வாடை.

பல வருடங்களுக்கு முன்பு இங்கே வேலை செய்தபோதுதான் ஆச்சிப்பிள்ளையை வெட்டுக்காயங்களோடு கொண்டுவந்தார்கள். கதிரவெளிக் கிராமத்தில் தனியே இருந்த மனுசி.

"ஆரம்மா உங்கள வெட்டினது?" என்று கம்சாயினி குனிந்து கேட்டாள்.

"ராசா..."

அத்தோடு மூச்சு நின்றது.

பக்கத்து வளவுக்காரனின் பெயர் ராசா. இருவருக்குமான வேலிச் சண்டை ஊரறிந்தது. கத்தி அகப்படவில்லை, கண்டவர் எவருமில்லை. சாகிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று, கம்சாயினியின் சாட்சியை நம்பியே அவனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். இப்போது மேன்முறையீடு. அவனுடைய சட்டத்தரணி திவாகரன் தொலைபேசியில் கேட்டது அவளை உறங்கவிடவில்லை.

"மிஸ், அவ வெட்டினவன்ட பேரச் சொன்னாவா, இல்லாட்டி உங்களத்தான் அப்பிடிக் கூப்பிட்டாவா?"

பெண்பிள்ளைகளைக்கூட ராசா என்று வாஞ்சையாய் அழைக்கிற ஊர் இது.

"கேட்டதத்தான் சொன்னன் சேர்" என்று வைத்துவிட்டாள்.

அன்று பொழுது மங்கிய மம்மல் நேரம். மழை இறுகி மின்சாரம் நின்றது. ஓட்டமாவடியிலிருந்து வந்து படுத்திருந்த ஆசியா உம்மா மெல்லக் கூப்பிட்டாள்.

"மகள், பக்கத்துக் கட்டில்ல கிடக்கிற மனிசிக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்களன்."

பக்கத்துக் கட்டிலில் மெத்தைகூட இல்லை.

"ஆரு உம்மா?"

"தெரியா மகள். உள்ள வாற எல்லாரையும் ராசா, ராசா எண்டு கெஞ்சுறா."

கம்சாயினி மெழுகுதிரியை எடுத்தாள். வெறுங்கட்டிலருகே போனாள். பச்சை இரத்த வாடை. குனிந்து, அன்று கேட்டதையே கேட்டாள்.

"ஆரம்மா உங்கள வெட்டினது?"

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு, காதோரம் சில்லென்று ஒரு மூச்சு.

"ராசா... தண்ணி தா ராசா."

மறுநாள் திவாகரனிடம் அவள் பேயைப் பற்றிச் சொல்லவில்லை. "அது ஆள்ட பேருதான் எண்டு இனி என்னால சத்தியம் பண்ண ஏலா சேர்" என்றாள். சத்தியக்கடதாசியில் ஒப்பமிட்டாள். ஆச்சிப்பிள்ளையின் சொந்தக்காரர் அவள் வாசலில் நின்று மண்ணள்ளித் தூற்றினார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், ஆனால் பின்வாங்கவில்லை.

அந்த ஒற்றைச் சொல்லை நம்பி ஒருவனைத் தண்டிக்க முடியாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. நரைத்த தலையோடு ராசா கதிரவெளிக்குத் திரும்பினான். வாட்டிலும் அந்தக் குரல் ஓய்ந்தது.

சில வாரம் கழித்து ஒரு பின்னேரம். நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்கு மணியடித்தது. பழப்பைகளோடும் சுடுதண்ணிப் போத்தல்களோடும் சனம் வாசலை நெருக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

யாரோ கம்சாயினியின் மணிக்கட்டைப் பற்றினார்கள். வெறுங்கட்டிலின் பக்கமிருந்து.

ஈர விரல்கள்.

"அந்தா வாறான், என்னை வெட்டினவன்."

அவள் வாசலைப் பார்த்தாள். எத்தனையோ ஆண்கள். எல்லாம் சாதாரண முகங்கள். ஒவ்வொருவராக அவளை நோக்கி நடந்து வந்தார்கள்.

பிடி இறுகிக்கொண்டே போனது.