நான்காவது கேள்வி

காலை ஐந்தரை மணிக்குப் போடியிலிருந்து கிளம்பிய ஜீப்பில் சூர்யகலா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேர் தூக்குச்சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து இருந்தார்கள். வளைவுகள் ஒவ்வொன்றாக ஏற ஏற வெயில் கீழேயே நின்றுவிட்டது. போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டியபோது மூடுபனி கண்ணாடியில் அப்பிக்கொண்டது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

சூர்யகலா போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி. போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்தவள். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆங்கிலத் தேர்வு மட்டும்தான் பாக்கி. எழுதுவதிலும் படிப்பதிலும் பேசுவதிலும் தேறிவிட்டாள். காதால் கேட்டு விடை எழுதும் பகுதியில் மட்டும் இரண்டு தடவை தோற்றுவிட்டாள். செப்டம்பரில் மூன்றாவது தடவை. அதிலும் விட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

"தெனமும் உலகச் செய்தி கேளுங்க. சின்னச் சின்னதா பத்துச் செய்தி. ஒரே தடவைதான் கேக்கணும். திருப்பிப் போடவே கூடாது" என்று மதுரையில் பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். அதற்கு அமைதியான இடம் வேண்டும். எஸ்டேட் டிஸ்பென்சரியில் மூன்று மாதத்துக்கு நர்ஸ் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அவள் யோசிக்கவே இல்லை. அங்கே நோயாளிகள் காலையில்தான் வருவார்கள். மதியத்துக்குமேல் மழையும் மூடுபனியும் மட்டும்தான்.

டிஸ்பென்சரி ஏலத்தோட்டத்துக்கு நடுவே ஒரு மேட்டில் இருந்தது. தகரக் கூரை, முன்னறை, மருந்து வைக்கும் பின்னறை, அதற்கு ஒரு பின்வாசல், முன்வாசலில் மூன்று கல்படி. மகாராணி படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கூட்டிப் பெருக்கும் வேலை அவளுடையது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள்.

சூர்யகலா பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த பெரிய ஹெட்போனை மகாராணி வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு காதையும் அடைச்சுக்கிறாதீங்க சிஸ்டரு" என்றாள். "ஒத்தக் காதாவது தொறந்து இருக்கட்டும்."

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை செக்போஸ்ட் வரை நடந்து போய் ஒரு வாரத்துக்கான செய்திகளைப் போனில் இறக்கிக்கொண்டு வருவாள். ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிஷம். எங்கோ ஒரு நாட்டில் வெள்ளம், எங்கோ ஒரு தீவில் எரிமலை, எங்கோ ரயில் நிறுத்தம். எல்லாவற்றையும் ஒரே மனிதன் ஒரே மாதிரி ஏற்ற இறக்கமில்லாத ஆங்கிலத்தில் படித்தான். முடிவில் நான்கு கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு விடை எழுதப் பத்து வினாடி மௌனம்.

இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குமேல் அந்த மௌனத்துக்குள் ஏதோ கேட்டது.

வெள்ளத்தில் மீட்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று அவன் கேட்டிருந்தான். அவள் எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். காதுக்குள் மூன்று தட்டல்கள் விழுந்தன. விரல் முட்டியால் தட்டிய சத்தமில்லை. உள்ளங்கையால், பலமில்லாமல், மரத்தில் தட்டிய சத்தம்.

ஹெட்போனைக் கழற்றினாள். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. எழுந்து தாழ்ப்பாளை நீக்கிப் பார்த்தாள். வாசலில் மூடுபனி நின்றது. யாருமில்லை.

மறுநாளும் தட்டல் கேட்டது. அதற்கு மறுநாள் தட்டலோடு மூச்சும் கேட்டது. ஓடி வந்து நிற்கிறவளின் மூச்சு. ஈர ஏலக்காய் வாசனை அறைக்குள் பரவியது. அதற்கடியில் இன்னொரு வாசனை. பிரசவ வார்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தவளுக்கு அது என்னவென்று தெரியாமல் இல்லை.

ஹெட்போனைக் கழற்றினால் எதுவுமில்லை. மாட்டினால் தட்டல்.

வெள்ளிக்கிழமை குரல் வந்தது.

"தொற."

அந்த ஞாயிற்றுக்கிழமை செக்போஸ்ட்டிலிருந்து போடியில் இருக்கும் தோழி சுஜாதாவுக்குக் குரல் வந்த அந்தச் செய்தியை அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் சுஜாதா கூப்பிட்டாள்.

"முழுசாக் கேட்டுட்டேன்டி. ஏதோ எரிமலைங்கிறான், ஜனங்கள படகுல ஏத்துனாங்கங்கிறான். வேற ஒண்ணுமில்லையே. நீ சரியாத் தூங்குறியா இல்லையா?"

திரும்பி வந்ததும் சூர்யகலா மகாராணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கேட்டது எல்லாவற்றையும் சொன்னாள். மகாராணி முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"பொம்பளக் குரலா?"

"ஆமா."

"அது எம் மக சிஸ்டரு. வேலுத்தாயி."

பிறகு அவள் சொன்னது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே சிவரஞ்சனி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். அவளும் இதே பரீட்சைக்குத்தான் படித்தாள். மதியமானால் கதவைச் சாத்திவிட்டு இரண்டு காதையும் மூடிக்கொண்டு செய்தி கேட்பாள். வேலுத்தாய் கீழே வேறொரு எஸ்டேட்டில் புருஷனோடு இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பம். புருஷன் ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டு தேவாரம் போயிருந்தான். வயிற்றில் வலி எடுத்து, ரத்தமும் போக ஆரம்பித்ததும், அவள் மழையில் தனியாக மேடேறி வந்து இந்தக் கதவைத் தட்டியிருக்கிறாள். சாயங்காலம் சிவரஞ்சனி கதவைத் திறந்தபோது படியில் கிடந்தாள். தாயும் போய், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"எனக்கு ஏலக்காய் ஸ்டோர்ல சோலி" என்றாள் மகாராணி. "எனக்கு என்னா தெரியும். எல்லாம் அந்தச் சிஸ்டரு செஞ்ச பாவம். லயமே கூடி நின்னு அதக் கேட்டுச்சு. ராவோட ராவா அந்தச் சிஸ்டரு எறங்கிப் போயிருச்சு."

அவளே ஹெட்போனுக்குக் கையை நீட்டினாள்.

"அத என் காதுல மாட்டி விடுங்க."

சூர்யகலா மாட்டிவிட்டாள். மகாராணி கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள். தனக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியில், தான் பார்த்தேயிராத ஊர்களின் வெள்ளத்தையும் நெருப்பையும் ஒன்றுவிடாமல் கேட்டாள். பத்துச் செய்தியும் முடிந்தன. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்கிட்டப் பேச மாட்டேங்குறா" என்று கழற்றிக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?" என்றாள்.

அந்தக் கேள்வியில் துக்கம் மட்டும் இல்லை என்று சூர்யகலாவுக்குத் தோன்றியது. ஆனால் வேறென்ன இருந்தது என்று அப்போது பிடிபடவில்லை.

புதன்கிழமை காலையிலிருந்தே மழை. மூன்று மணிக்கு மகாராணி பின்னறையில் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சூர்யகலா ஹெட்போனை மாட்டினாள். கேட்காமல் விட்டுவிடலாம் என்று எண்ணியவள்தான். பரீட்சைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதே மனிதன். அதே நிதானமான ஆங்கிலம்.

தென்னிந்தியாவில், மலைச்சரிவில் உள்ள ஓர் ஏலத்தோட்டத்தில், இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி ஒரு டிஸ்பென்சரியின் வாசலில் இறந்துபோனாள் என்று அவன் படித்தான்.

சூர்யகலாவின் பேனா நின்றது.

அவள் வந்தபோது மணி மூன்று பத்து என்றான். மழை பெய்துகொண்டிருந்தது என்றான். முதலில் நின்றுகொண்டு தட்டினாள், பிறகு உட்கார்ந்து தட்டினாள், கடைசியில் படுத்துக்கொண்டு தட்டினாள் என்றான். தூரத்து ஊர் வெள்ளத்தைப் படித்த அதே குரல். ஒரு சொல்லில்கூட இரக்கமில்லை. ஒரு சொல்லும் அவளுக்குப் புரியாமல் போகவில்லை. அதற்கு முன் அவள் ஆங்கிலத்தை அவ்வளவு தெளிவாகக் கேட்டதே இல்லை.

கேள்விகள் தொடங்கின.

அவள் எத்தனை மணிக்கு வந்தாள்?

பழக்கத்தில் கை தானாக எழுதியது. மூன்று பத்து.

எத்தனை நேரம் தட்டினாள்?

ஒரு மணி நேரம்.

அப்போது கட்டடத்துக்குள் எத்தனை பேர் இருந்தார்கள்?

கை எழுதிய பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள்.

இரண்டு.

நான்காவது கேள்வி. தட்டிய சத்தம் அவர்களில் யாருக்குக் கேட்டது?

பத்து வினாடி மௌனம். ஐந்தாவது வினாடியில் வாய் காதோடு ஒட்டியதுபோல அந்த மூச்சு வந்தது.

"அம்மா. நீ உள்ளதான் இருக்க. எனக்குத் தெரியும். கோவமெல்லாம் அப்புறம் வச்சுக்க. கதவத் தொற."

சூர்யகலா ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் போட்டாள்.

பின்னறையில் பாட்டில் கழுவும் சத்தம் நின்றிருந்தது. மகாராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னா?"

"அன்னைக்கு நீங்க ஸ்டோருக்குப் போகல" என்றாள் சூர்யகலா. "இங்க இருந்தீங்க."

மகாராணி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். மழைச் சத்தத்தில் பாதி கரைந்துதான் அவள் குரல் வந்தது.

"சொல்லாமக் கொள்ளாம அந்த டிரைவரோட போனவ சிஸ்டரு. ரெண்டு வருசம் மொகங்குடுத்துப் பேசல நானு. அன்னைக்கு மருந்து அடுக்கிக்கிட்டு இருந்தேன். மொதத் தட்டுலேயே அவதான்னு தெரிஞ்சுபோச்சு. சமாதானம் பேச வந்திருக்கான்னு நெனச்சேன். கொஞ்சம் நிக்கட்டும், நனையட்டும்னு இருந்தேன். தட்டு கொறஞ்சுச்சு. போயிட்டான்னு நெனச்சு, நானும் பின்வாசல் வழியா ஸ்டோருக்குப் போயிட்டேன்; நான் உள்ள இருந்தது அந்தச் சிஸ்டருக்கே தெரியாது. ரத்தம் போகுதுன்னு எனக்குத் தெரியாது சிஸ்டரு. ஆத்தா சத்தியமாத் தெரியாது."

"அந்த நர்ஸ் மேல பழியப் போட்டீங்களே."

"அந்தச் சிஸ்டருக்காச்சும் காது அடைச்சிருந்துச்சு. எனக்கு என்னா சாக்கு இருந்துச்சு?"

அப்போது கதவு தட்டப்பட்டது.

ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. போன் அணைந்திருந்தது.

மறுபடியும் தட்டல். உள்ளங்கையால்.

மகாராணி சூர்யகலாவைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்கிறது என்பது அந்தக் கண்களில் தெரிந்தது.

தட்டல் கதவின் நடுவிலிருந்து கீழே இறங்கியது. பிறகு இன்னும் கீழே. தரையோடு தரையாக.

"தொறக்காதீங்க" என்று சூர்யகலா சொல்ல நினைத்தாள்.

மகாராணி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "இந்தா வந்துட்டேன் தாயி, வந்துட்டேன்" என்று விரைவாக நடந்து தாழ்ப்பாளை நீக்கினாள். மூடுபனி அறைக்குள் புகுந்தது. அவள் முதல் படியில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் யாரையோ வாரி எடுப்பதுபோலக் குனிந்தாள்.

அடுத்த கணம் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினாள். அப்படியொரு அலறலை எந்த வார்டிலும் சூர்யகலா கேட்டதில்லை. அலறல் நின்றபோது மகாராணி படியில் நினைவில்லாமல் கிடந்தாள்.

எஸ்டேட் ஜீப்பில் போடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் கண் விழித்தாள். ஆனால் காது கேட்கவில்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை. செவியில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

சுஜாதா எங்கெங்கோ விசாரித்து சிவரஞ்சனியின் நம்பரை வாங்கித் தந்தாள். சூர்யகலா கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருப்பதாகவும், நர்ஸ் வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது என்றும் சிவரஞ்சனி சொன்னாள். "இதச் சொல்றதுக்கு இவ்வளவு நாளாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

செப்டம்பரில் மதுரையில் பரீட்சை. ஹெட்போனில் ஆங்கிலம் மட்டும்தான் கேட்டது. சூர்யகலா தேறிவிட்டாள். அதைச் சொல்லி யாரிடமும் சந்தோஷப்பட அவளுக்கு மனம் வரவில்லை.

துணிமணிகளை எடுக்கக் கடைசியாக மலைக்குப் போனபோது மகாராணியைப் பார்க்க லயத்துக்கு நடந்தாள். காலை பதினோரு மணி. மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. காது போனதிலிருந்து மகாராணி உரக்கக் கத்தித்தான் பேசுகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பொன்னுமணி சொன்னாள். இரண்டு நாளாக மட்டும் சத்தமே இல்லையாம்.

கடைசி வீட்டின் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே விட்டத்தில் ஒரு பழைய சேலையால் தூளி கட்டியிருந்தது. மகாராணி கீழே உட்கார்ந்து அதை ஆட்டிக்கொண்டிருந்தாள். சூர்யகலாவின் நிழல் தரையில் விழுந்ததும் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்ல வாங்க சிஸ்டரு" என்று கிசுகிசுத்தாள். "இப்பத்தான் கண்ணசந்துச்சு."

புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே சூர்யகலா கிட்டே போனாள். வெறும் தூளி தொங்குகிற மாதிரி அது தொங்கவில்லை. சேலை இறுகிக் கனத்துத் தொய்ந்திருந்தது. எத்தனையோ பச்சைக் குழந்தைகளை எடை போட்டவளுக்குப் பார்த்தவுடனே எடை தெரிந்தது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

விளிம்பை விலக்கி எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

மகாராணி ஆட்டுவதை நிறுத்தினாள். தூளி நின்றது. அடிப்பக்கத்துச் சேலையை உள்ளிருந்து ஒரு சின்னக் குதிகால் உதைத்துத் தள்ளியது. துணி மேடாகி, அப்படியே ஒரு கணம் நின்று, அடங்கியது.