காற்றில்லா வெளிநடப்பு

"வெளிநடப்புன்னா வெளியே நடக்கணும் ஜெபா. வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துட்டு..."

"வெளியே காத்தே இல்லடி. நிலவுல போய் எவனாவது..."

"அதுக்குத்தான் காற்றுடை. மாட்டு."

"உட்கார்ந்து கையத் தூக்குனாலே ஜெயிச்சிடுவோம். நாம ஆறு பேர். ஆளும் கட்சியில ரெண்டு பேர் காய்ச்சல்ல படுத்தாச்சு. மிச்சம் அஞ்சுதான்."

"கையத் தூக்குனா எவன் பேசுவான்? பூமியோட நூறு வருஷக் காணொளியப் பார்த்துட்டேன். வெளிநடப்புதான் முதல் செய்தி."

நிலவின் அமைதிக்கடல் பல்கலைக்கழகத்தில் அரசியலுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா? மாணவர்களே அவை நடத்துவார்கள். அங்கே நிறைவேறுவது மறுநாளே நிஜமாக அமலாகும். அன்றைய தீர்மானம், பெண்கள் விடுதியில் வாரம் மூன்று குளியல் இனி ஒன்று என்பது. "உங்க குளியலுக்கு நான் பொறுப்பு" என்று அறை அறையாகப் போய் வாக்குக் கேட்டு எதிர்க்கட்சித் தலைவியானவள் நப்பின்னை. தோற்றால் விடுதிக்குள் தலைகாட்ட முடியாது.

அவையை நடத்தி மதிப்பெண்ணும் போடும் இயந்திரத்துக்கு ஆசானி என்று பெயர். அது தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கியதுமே நப்பின்னை தாளைக் கிழித்து வீசினாள். துண்டுகள் ஆற அமரத் தரையில் இறங்குவதற்குள் ஆறு பேரும் கிளம்பிவிட்டார்கள். ஜெபராஜ் முணுமுணுத்துக்கொண்டே கடைசியாகப் போனான்.

இடைக்கூடத்தில் காற்று வடியக் கால் மணி நேரம். வெளிக்கதவு திறந்தது. துள்ளித் துள்ளி நடந்தார்கள். படமெடுக்கும் உருளைகள் நாலாபக்கமும் உருண்டு வந்தன. "ஒழிக! ஒழிக!" என்று நப்பின்னை தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் கோஷம் தலைக்கவசத்துக்குள்ளேயே சுற்றி அவள் காதிலேயே விழுந்தது. விழட்டுமே. கருவானத்தில் பூமி நீலமாகத் தொங்கியது. அந்த ஊர்க்காரர்கள் பார்த்தால் மெச்சுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து கவசத்தைக் கழற்றியதும் முதல் வேலையாகக் கேட்டாள்: "எப்படி ஆசானி?"

"பிரமாதம். கிழித்தது, கத்தியது, நடந்தது எல்லாமே பூமி மரபு மாறாமல். நூற்றுக்கு நூறு."

"தீர்மானம்?"

"ஐந்துக்குப் பூஜ்யம். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது."

ஜெபராஜ் அவளைப் பார்க்காமல் காற்றுடையை மடித்தான். வியர்வையில் ஊறிய கூந்தல் நப்பின்னையின் கழுத்தில் அப்பிக் கிடந்தது. அடுத்த குளியலுக்கு இன்னும் ஏழு நாள்.

"ஆசானி, பூமியில நூறு வருஷமா இப்படி வெளியே நடந்தாங்களே, உள்ள என்ன நடக்கும்னு தெரியாமயா போனாங்க, இல்ல தெரிஞ்சேதானா?"