நடுக்கூடத்தின் எடை

இந்த அண்டத்தில் பேராசிரியரின் கணக்குக்குத் தப்பிய பொருள் எதுவும் இல்லை. சமையல் எரிவாயு என்றைக்குத் தீரும் என்பது மட்டும் அவருக்குப் பிடிபட்டதில்லை. அது அவருடைய மனைவியின் துறை.

அவர் எடை போட்டுக்கொண்டிருந்தது ஒரு கருந்துளையை. அது கண்ணுக்குத் தெரியாது. அதனோடு ஜோடி சேர்ந்த நட்சத்திரம் ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. சுற்றுகிறவளின் வேகத்தை அளந்தால், நடுவில் இருப்பவன் எவ்வளவு கனம் என்று சொல்லிவிடலாம். அவன் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டும் இருக்கிறான். மேடையில் இந்த இடம் வரும்போது பேராசிரியரின் குரல் தழுதழுக்கும்.

ஆய்வகம் கொடுத்த பழைய வீட்டுக்கு இருவரும் குடிவந்தது ஒரு மத்தியானம். பெரிய கூடம். ஜன்னல் வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. அதன் ஒரு மூலையை மட்டும் யாரோ கடித்துத் தின்ற மாதிரி இருந்தது. எங்கிருந்தோ ஈரச் சாம்பல் வாடை. மனைவியின் கையிலிருந்து கரண்டி நழுவிக் கீழே விழுந்தது.

சத்தம் வரவில்லை.

"என்னங்க, கூடத்துக்கு நடுவுல ஏதோ இருக்கு."

"காலி வீடுன்னா அப்படித்தான் தோணும்."

சில மாதம் கழித்து அவளுடைய தம்பி வந்தான். அக்கா காபி கொண்டுவருவதைப் பார்த்துச் சிரித்தான்.

"நேரா வந்தா என்னக்கா? நடுவுல யாராவது படுத்திருக்காங்களா?"

தானும் அப்படித்தான் வளைந்து வந்து உட்கார்ந்தோம் என்பது பிறகுதான் உறைத்தது. கட்டட வேலை பார்ப்பவன். வண்டியிலிருந்து ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்தான். குமிழி நடுவில் அசையாமல் நின்றது. ஒரு வெங்காயத்தை உருட்டிவிட்டான். அது கூடத்து நடுவை ஒரு சுற்றுச் சுற்றி, அவன் காலடிக்கே திரும்பியது.

"தரை சரியாத்தான் இருக்கு மாமா," என்றான் மெதுவாக. "அக்காதான் பாதியாயிட்டா."

அவன் போனதும் மனைவி கேட்டாள். "அவ்வளவு தூரத்துல இருக்கறத அளக்கறீங்க. இத ஒரு தடவ அளந்து சொல்லுங்களேன். பயமா இருக்கு."

"மொதல்ல கட்டுரைய அனுப்பிடறேன். அப்புறம் உன்னோடதப் பாப்போம்."

உடைகளைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தைத்தாள். மருத்துவர்கள் எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு, நோய் எதுவும் இல்லை என்றார்கள். கூடத்தில் அவள் போடும் சுற்று நாளுக்கு நாள் சிறிதாகிக்கொண்டே வந்தது.

பேராசிரியர் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவள் நேராக நடந்தாள்.

மாலையில் வந்தவர் அவளைக் கூடத்து நடுவில் கண்டார். வாரித் தூக்கினார். உடுத்தியிருந்த துணியின் கனம்தான் இருந்தது.

காரியங்கள் முடிந்தபின் தம்பி கேட்டுக்கொண்டான். "வீட்டக் காலி பண்ணுங்க மாமா."

"பேய்க்குப் பயந்து ஓடினான்னு ஊர் சிரிக்கணுமா?" என்ற பேராசிரியர், கூடத்தை அரைவட்டமாகச் சுற்றித் தன் அறைக்குப் போனார்.

கட்டுரை வெளிவந்தது. பாராட்டு விழாவில் அரங்கம் நிறைந்திருந்தது. "கண்ணுக்குத் தெரியாதது எதுவும் இனி நம் அளவுகோலுக்குத் தப்ப முடியாது" என்று பேராசிரியர் உரையை முடித்தார். கேடயம் வாங்க அழைத்தார்கள். மேடை நடுவே ஒரு நாற்காலிகூட இல்லை. அவர் ஓரமாக வளைந்து நடந்தார்.

கேடயத்தோடு எதிரே வந்த விழாத் தலைவரும் வளைந்துதான் வந்தார்.

ஈரச் சாம்பல் வாடை அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மேடைக்குச் சத்தம் வந்து சேரவில்லை.

பேராசிரியர் இரண்டு கைகளையும் நீட்டிக் கேடயத்தை வாங்கிக்கொண்டார்.

பெல்ட்டில் அன்று காலையில்தான் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டிருந்தார். அது போதவில்லை. கால்சட்டை முழங்காலுக்கு இறங்கிவிட்டது.