கரியனின் கழுத்தில் ஒரு கை

அறுபத்தேழாம் வருட மழைக்காலம். மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சுருட்டிய கான்வாஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிலவேந்திரன் தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே நடந்தார். கடைப் பலகையும் கோயில் கொடியும் எழுதிப் பழகியவர். நாயை வரையச் சொல்லி ஆள் வந்தது அதுவே முதல் தடவை. சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆள் அனுப்பியிருந்த மிக்கேலம்மாளின் வீட்டுக்குள் கால் வைத்ததும் சிரிப்பு போய்விட்டது. மழையில் நனைந்த நாயின் வாடை வீசியது. ஆனால் நாய் கரியன் செத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அவள் நீட்டிய போட்டோ பாதிதான் இருந்தது. மறுபாதியில் இருந்தவள் ஒன்பது வயது மகள் புஷ்பமேரி. காய்ச்சலில் போன பிள்ளையைச் சவப்பெட்டியில் வைத்தபோது, தாய் இனி இந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை என்று அழுது, மகள் இருந்த பாதியைக் கத்தரித்துப் பிள்ளையின் நெஞ்சின் மேலேயே வைத்துப் புதைத்துவிட்டாள். வேறு போட்டோ எடுத்ததே இல்லை. கரியன் கல்லறையடியில் பட்டினி கிடந்து செத்தது. மிஞ்சிய பாதியில், நாயின் கழுத்தின் மேல், மகளின் நான்கு விரல்கள் மட்டும் தங்கியிருந்தன.

"நாய் எப்படி வந்தாலும் சரிங்க. இந்தக் கை மட்டும் அப்படியே வரணும். புள்ள மொகமே மறந்துக்கிட்டு வருதுங்க எனக்கு."

போட்டோவை வெளியே அனுப்ப அவளுக்கு மனமில்லை. அதனால் முன்னறையிலேயே தங்கி வரைவதாக ஒப்புக்கொண்டார். போட்டோவின் மேல் பென்சிலால் சின்னக் கட்டங்கள் போட்டார். கான்வாஸில் அதே கணக்கில் பெரிய கட்டங்கள். இந்தக் கட்டத்தில் இருப்பதை அந்தக் கட்டத்தில் கரித்துண்டால் வரைந்துகொண்டே போனால் உருவம் பிசகாமல் பெரிதாகும். காது வந்தது, மூக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் கறுப்பு ஆயில் பெயிண்டும் பூசியாயிற்று. விரல்களைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

பென்சில் கோடு ஒன்று அந்த விரல்களின் குறுக்கேதான் ஓடியிருந்தது. தெளிவாகத் தெரியட்டும் என்று ஈரத்துணியால் லேசாகத் துடைத்தார்.

கோடு போனது.

விரல்களும் போயின.

பெற்றவள் தினமும் தடவித் தடவித் தேய்ந்திருந்த இடம் அது. துணியில் சாம்பல் கறை மட்டும் இருந்தது. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! தானாக நான்கு விரல் வரைந்துவிடலாம். ஆனால் அது மகளின் கை இல்லையென்று தாய்க்குத் தெரியாதா? காலையில் சொல்லிக் காலில் விழுவோம் என்று படுத்தவருக்குக் கண் மூடவில்லை.

விடியும் நேரத்தில் சிமெண்டுத் தரையில் நாய் நகங்களின் சத்தம் கேட்டது.

பின்னாலேயே சின்ன வெறுங்கால்களின் ஓட்டம்.

கான்வாஸ் அருகே வந்ததும் எல்லாம் நின்றது.

"கரியா… ஆடாம நில்லுடா."

எழுந்து பார்த்தால் யாருமில்லை. காயாத பெயிண்டில், நாயின் கழுத்தின் மேல், ஒரு பிள்ளையின் கை அழுந்தப் பதிந்திருந்தது. போட்டோவில் இல்லாத கட்டைவிரலும் அதில் இருந்தது.

மிக்கேலம்மாள் வந்தாள். அவர் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார். அவள் கேட்கவில்லை. அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, "சில்லுன்னு இருக்குதுங்க" என்றாள். பிறகு வெகுநேரம் அழுதாள்.

எழுபத்து நாலில் கோயில் கொடி எழுத அந்தப் பக்கம் வந்தவர் பழைய வீட்டை எட்டிப் பார்த்தார். மிக்கேலம்மாளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. படத்தின் கீழே ஓர் ஆணியில் கண்ணாடி வளையல்கள் தொங்கின. ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரியது.

"இப்ப அவளுக்குப் பதினாறு நடக்குதுங்க. போன வருசத்து வளையல் பத்தாது."

அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். கரியனின் கழுத்தில் இருந்தது பிள்ளையின் கை இல்லை. நீண்ட விரல்களோடு, ஒரு பருவப் பெண்ணின் கை.

தொட்டுப் பார்த்தார். அவர் விரலில் கறுப்பு ஈரமாக ஒட்டியது.