குகையில் இருத்திவிட்டு வந்தவள்

சிஞ்ஞோராவின் நாற்காலிக் கைப்பிடியில் கட்டியிருந்த பித்தளை மணி, இந்தியாவிலிருந்து திரும்பிய நாள் முதல் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

முதலில் அற்புதமலருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் அந்த மணி ஓயாது. தண்ணீர் வேண்டும், தலையணை சரிந்துவிட்டது, சூப்பில் உப்பில்லை, முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும். ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்ற அந்த இத்தாலிய மூதாட்டியைக் குளிக்க வார்ப்பதும் உடுத்திவிடுவதும் பல வருடங்களாக அவள் வேலை. இப்போது சிஞ்ஞோரா எதற்கும் கூப்பிடுவதில்லை. பேசுவதுமில்லை. வைத்த சாப்பாடு ஆடை படிந்து அப்படியே கிடந்தது. ஆனாலும் கன்னம் வற்றவில்லை.

"அம்மா எவ்வளவு அமைதியாகிவிட்டார்," என்று மிலானிலிருந்து மகன் போனில் மகிழ்ந்தார். "அந்தப் பயணம் நல்லது செய்திருக்கிறது."

ஆகஸ்ட் மாதம். ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் சிரோக்கோ காற்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரை அடுப்பு வாய்போலாக்கியிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் தெரு முழுவதும் ஜன்னலடைத்துப் படுத்துவிடும். வெளியே கண்ணைக் குத்தும் வெயில், உள்ளே மரத்தட்டிகளின் இடுக்கால் கசியும் மெல்லிய கோடுகளைத் தவிர முழு இருட்டு. அந்த இருட்டில் குளிர்சாதனப் பெட்டியின் முனகலும், எங்கோ மேல்மாடியில் குழாய் சொட்டுவதும், புறாக்கள் கூரையோரம் நகத்தால் பிறாண்டுவதும் ஒவ்வொன்றாகக் காதில் வந்து விழும். கூடவே அந்த மணம். ஈரக் கல்லும் வௌவால் எச்சமும் கலந்த மணம். பயணப்பெட்டியைப் பலகணியில் காயவைத்தாள், உடுப்புகளை இரண்டு தரம் தோய்த்தாள், தரையை லைசோல் கிருமிநாசினியால் கழுவினாள். போகவில்லை. ஒருநாள் சிஞ்ஞோராவின் தலையை வாரும்போதுதான், மணம் அந்த வெள்ளை முடியிலிருந்து வருகிறதென்று தெரிந்தது.

அதற்கு மறுநாள், உலர்ந்த துணிகளோடு கூடத்துக்குள் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சிஞ்ஞோரா நாற்காலியில் சப்பணமிட்டு அமர்ந்திருந்தார். நீட்டினால் மடங்காது, மடக்கினால் நீளாது என்று அவர் இரவெல்லாம் அழுத முழங்கால்கள் இரண்டும், குழந்தையின் கால்களைப்போல மடிந்திருந்தன.

சிஞ்ஞோரா அவளைப் பார்த்துச் சிரித்தார். குகைக்குள் சிரித்த அதே சிரிப்பு.

மகாராஷ்டிரத்து மலையைக் குடைந்து செய்த புத்தக் குகைகளை இறப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது சிஞ்ஞோராவின் ஆசை. துணைக்கு அற்புதமலரைக் கூட்டிப்போனார். நாலு பேர் டோலியில் வைத்து மேலே தூக்கிச் சென்றார்கள். தூண்கள் நிரை நிரையாக நின்ற பெரிய மண்டபம், நடுவில் கல் தூபி, சுற்றிவரத் துறவிகள் படுத்த சின்னச் சின்ன அறைகள், அவற்றுள் கற்படுக்கைகள். கடைசி அறைக்குள் கொஞ்சம் இருந்து பார்க்க வேண்டும் என்றார் சிஞ்ஞோரா. வழிகாட்டி மற்றவர்களோடு அடுத்த குகைக்குப் போய்விட்டார். உள்ளே தன் கையே தெரியாத இருட்டு.

"கையை விடாதே, பியோரே," என்றார் சிஞ்ஞோரா. மலர் என்பதைத் தன் மொழியில் அப்படித்தான் அழைப்பார்.

அற்புதமலருக்கு அந்த நொடியில் மகள் ஜெனுஷாவின் முகம் நினைவு வந்தது. போன நத்தார்ப் பண்டிகைக்கு முதல் வாரம், ஒரு புரோச் நகை காணவில்லையென்று, தன் பேரப்பிள்ளைகளின் முன்னால் ஜெனுஷாவின் பள்ளிக்கூடப் பையைத் தரையில் கொட்டச் சொன்னார் சிஞ்ஞோரா. பிள்ளையின் உள்ளாடைகூட விழுந்தது. பேரன்கள் சிரித்தார்கள். புரோச் சிஞ்ஞோராவின் கவுனிலேயே குத்தியிருந்தது. மன்னிப்பென்று ஒரு சொல் வரவில்லை.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் கிட," என்றாள் தமிழில். "கூப்பிட்டும் ஒருத்தரும் வராட்டி எப்பிடியிருக்குமெண்டு பார்."

வெளியே மரநிழலில் தேநீர் வாங்கிக் குடித்தாள். குகைக்குள்ளிருந்து பியோரே, பியோரே என்ற குரல் கேட்டது. முதலில் அதட்டல். பிறகு கெஞ்சல். அவள் ஆறுதலாகக் குடித்து முடித்தாள். குரல் நின்ற பிறகும் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் உள்ளே போனாள். போன் வெளிச்சத்தில் சிஞ்ஞோரா கற்படுக்கையில் நிமிர்ந்து அமர்ந்து, அவளை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போலப் பார்த்துச் சிரித்தார். இறங்கும்போது டோலிக்காரர்கள் பாரம் தாங்காமல் பலமுறை இறக்கி வைத்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிஞ்ஞோராவை யாரும் பார்க்கவில்லை.

துணிகளை மேசையில் போட்டுவிட்டு அற்புதமலர் குசினிக்குள் ஒதுங்கினாள். போன் அடித்தது. போர்கோ வெக்கியோ பகுதியிலுள்ள தங்கள் வீட்டில் தனியாயிருக்கும் ஜெனுஷா.

"மம்மா, எப்ப வாறீங்கள்? வீட்டுக்கை சரியான கால்தோ. புழுங்கிச் சாகிறன்."

"வேலை முடிஞ்சோடனை வாறன், பிள்ளை. கதவைப் பூட்டிக்கொண்டு இரு."

போனை வைத்தாள்.

"பியோரே."

நடையின் கோடியிலிருந்து வந்தது. ஜன்னலில்லாத சாமான் அறையிலிருந்து. வறண்ட, தேய்ந்த குரல்.

"பியோரே… தண்ணீர்."

எட்டிப் பார்த்தாள். சிஞ்ஞோரா நாற்காலியில்தான் இருந்தார். வாய் மூடியிருந்தது.

"பியோரே, நான் எதையும் கேட்கமாட்டேன். தயவுசெய்து."

நாற்காலியில் இருந்தது வாயைத் திறந்தது. வந்தது அற்புதமலரின் குரல். மன்னாரில் பிறந்த அவளுடைய சொந்தக் குரல்.

"கிடக்கட்டும். கொஞ்ச நேரம்தானே."

வாசற்கதவுக்குப் போவதென்றால் அந்த நாற்காலியைக் கடக்க வேண்டும். சாமான் அறைக்குள் அந்தக் குரல் அழத் தொடங்கியது. எத்தனையோ நாட்கள் முதுகு தேய்த்துவிட்ட மனுசியின் அழுகை. அன்று மலையில் மரநிழலில் தேநீர் குடித்தபடி அவள் கேட்டிருந்த குரல்.

ஒரு கிளாஸில் தண்ணீர் எடுத்தாள். சுவரோடு சுவராக நடந்தாள். சாமான் அறைக் கதவைத் திறந்தாள்.

தட்டுகளில்லை. பெட்டிகளில்லை. குளிர்.

காலடியில் கல். கையை நீட்டினாள். கல். இன்னும் உள்ளே போனாள். கற்படுக்கையில் ஓர் உருவம். பயணத்துக்கு அவளே ஸ்திரி போட்டுக் கொடுத்த லினன் உடுப்பு. வெடித்த உதடுகள். கிளாஸை வாயருகே வைத்தாள். உதடுகள் உறிஞ்சின. எலும்பான கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பினாள். கதவில்லை. வெகு தூரத்தில் வெளிச்சம், ஒரு நூலளவு.

அந்த வெளிச்சத்துக்கு அப்பால் அவளுடைய போன் அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"ஓம் பிள்ளை," என்றது அவள் குரல், அன்பாக. "வேலை முடிஞ்சுது. இப்ப வெளிக்கிடுறன். பூட்டத் தேவையில்லை. கதவைத் திறந்து வை."

"ஜெனு!" என்று கத்தினாள் அற்புதமலர். "திறவாதை! ஜெனு!"

கல் அதை வாங்கிக்கொண்டது.

வெளியே அவளுடைய செருப்புச் சத்தம், அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.